ஆறு டி.எஸ்.18பி20 சென்சார்களை ஒரே பேச்சு பேச வைப்பது எப்படி: அளவுத்திருத்தத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே கடையில், ஒரே பாக்கெட்டிலிருந்து வாங்கிய ஆறு டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார்களை ஒரே பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 28.31, 28.63, 28.19, 28.50, 28.44, 28.94 என்று ஆறும் ஆறு விதமாகச் சொல்லும். மட்டமான சரக்கு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்ப வேண்டாம். −10 முதல் 85 டிகிரி வரை ±0.5 டிகிரி என்பதுதான் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு) தரும் உறுதி. அதாவது ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு சென்சார்களுக்கு இடையே 1 டிகிரி வரை வித்தியாசம் இருந்தாலும் தயாரிப்பாளர் வாக்குத் தவறவில்லை.

அறையில் ஒரே ஒரு சென்சார் மாட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சோலார் வாட்டர் ஹீட்டர் தொட்டியில் மேலிருந்து கீழாக ஆறு சென்சார் வைத்து, சுடுநீர் எந்த மட்டம் வரை நிற்கிறது என்று பார்ப்பவருக்கு இது பெரிய தலைவலி. அடுத்தடுத்த மட்டங்களுக்கு இடையே சில வேளைகளில் 0.2, 0.3 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். சென்சாரின் பிழை அதைவிடப் பெரிது. இந்த வழிகாட்டி அந்தத் தொட்டியை மனதில் வைத்து எழுதியது. குளிர்பதனக் கிடங்கு, இன்குபேட்டர், உரக்குழி என்று ஒரே வகை சென்சார் பல மாட்டும் எந்த இடத்துக்கும் முறை இதேதான்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சென்சார்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது ஒரு வேலை. அவை உண்மையான வெப்பநிலையோடு பொருந்துவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு வெளியிலிருந்து எந்த நல்ல தெர்மாமீட்டரும் தேவையில்லை, பொறுமை போதும். இரண்டாவதற்கு நம்பகமான ஒன்றிரண்டு புள்ளிகள் வேண்டும். பலர் இரண்டையும் கலந்து, ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாக ஒரு சுமாரான தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, அந்தத் தெர்மாமீட்டரின் தடுமாற்றத்தையும் ஆறு சென்சாருக்குள்ளும் ஏற்றிவிடுகிறார்கள்.

முதல் படி: டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படிப்பது

கணக்குக்கு வேண்டிய பாதி விஷயம் இங்கேயே கிடைக்கிறது. 12 பிட் முறையில் இந்த சென்சாரின் மிகச் சிறிய படி 0.0625 டிகிரி. ஒரு அளவெடுக்க 750 மில்லிநொடி வரை ஆகும். மின்சாரம் வந்ததும், முதல் அளவெடுப்பு முடியும் முன் படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். அது வெப்பநிலை இல்லை, சென்சாரின் தொடக்க மதிப்பு. சென்சாரைப் படிக்கும் ஆர்டுயினோ போர்டில் எல்லோரும் பயன்படுத்தும் நிரல்நூலகம், சென்சார் பதில் சொல்லாவிட்டால் −127 தரும். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். ஒரே ஒரு −127 சராசரிக்குள் நுழைந்தாலும் அத்தனை கணக்கும் போச்சு.

அப்புறம், ±0.5 என்ற எண்ணிலிருந்து இன்னொன்றையும் கறக்கலாம். −10 முதல் 85 வரை என்பது 95 டிகிரி அகலம். ஒரு முனையில் −0.5, மறுமுனையில் +0.5 என்று இருப்பதுதான் மோசமான நிலை. அதாவது 95 டிகிரிக்கு 1 டிகிரி சாய்வு, சுமார் 1 சதவீதம். ஆகவே உங்கள் கணக்கில் ஒரு சென்சாரின் கெயின் பிழை (வெப்பம் ஏற ஏற மாறும் இந்தச் சாய்வுப் பிழை) 3 சதவீதம் என்று வந்தால், சென்சாரைச் சந்தேகிக்கும் முன் அளவெடுத்த விதத்தைச் சந்தேகியுங்கள். அதிலும் குறை இல்லையென்றால், கையில் இருப்பது போலி சிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டல்லஸ் செமிகண்டக்டர் உருவாக்கி, பிறகு மேக்ஸிமுக்கும், 2021-இல் அனலாக் டிவைசஸுக்கும் கைமாறிய சிப் இது. சந்தையில் இதே பெயரைப் பொறித்துக்கொண்டு வரும் நகல்களுக்குக் கணக்கே இல்லை.

ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் 64 பிட் அடையாள எண் இருக்கிறது. கேபிளில் 1, 2, 3 என்று டேப் ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்த அடையாளம் என்று எழுதி வையுங்கள். வரிசையை நம்ப வேண்டாம். ஒரு சென்சாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினால் நிரல் தேடிக் கண்டுபிடிக்கும் வரிசை மாறிவிடும்.

இரண்டாம் படி: ஆறையும் ஒரே வெப்பத்தில் நிறுத்துவது

கணக்கைவிட முக்கியமான படி இது. ஆறு சென்சாரும் உண்மையிலேயே ஒரே வெப்பநிலையில் இல்லையென்றால், எந்தச் சமன்பாடும் உதவாது.

சென்சார்களின் முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டாகக் கட்டுங்கள். வாய் அகன்ற ஃபிளாஸ்க் அல்லது மூடி போட்ட பெரிய பாத்திரத்தில், முனைக்கு மேல் 10 சென்டிமீட்டராவது முங்கும்படி தொங்கவிடுங்கள். கொஞ்சமாக முக்கினால் கேபிள் வழியே வெளிச்சூடு உள்ளே இறங்கும். கட்டு அடியிலோ சுவரிலோ படக்கூடாது. தண்ணீரை விடாமல் கலக்க வேண்டும். மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பம்ப் இருந்தால் வசதி.

60 டிகிரி வெந்நீர் ஊற்றி, அது தானாக அறை வெப்பத்துக்கு ஆறும் வரை 10 நொடிக்கு ஒரு முறை ஆறு சென்சாரையும் பதிவு செய்யுங்கள். இடைவிடாமல் படிக்க வேண்டாம். அளவெடுக்கும் போது ஓடும் மின்சாரத்தில் சிப் தானே லேசாகச் சூடாகும். சில மணி நேரத்தில் 60 முதல் 30 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் சும்மா கிடைத்துவிடும். இப்படி மெதுவாக ஆறவிடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. 0.0625 படிக்கட்டில் ஒவ்வொரு சென்சாரும் வெவ்வேறு நேரத்தில் படி இறங்கும். அருகருகே உள்ள முப்பது நாற்பது புள்ளிகளைச் சராசரி பார்த்தால், படியைவிட நுணுக்கமான வித்தியாசமும் தெரியவரும்.

ஒரு பொறி இருக்கிறது. சில சென்சார்களில் எஃகு உறைக்குள் பசை அதிகம், சிலவற்றில் காற்று இடைவெளி. அவை வெப்ப மாற்றத்தைத் தாமதமாக உணரும். ஆறும்போது தாமதமான சென்சார் எப்போதும் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். அதை ஆஃப்செட் (எல்லா வெப்பத்திலும் ஒரே அளவாக இருக்கும் பிழை) என்று நினைத்துவிடுவோம். இதைப் பிடிக்க ஒரே வழி, தண்ணீரை மெதுவாகச் சூடேற்றியும் ஒரு முறை பதிவு செய்வது. ஆறும்போது +0.1, சூடேறும்போது −0.1 என்று குறி மாறினால் அது தாமதம். இரண்டிலும் +0.1 என்றால்தான் அது ஆஃப்செட்.

மூன்றாம் படி: கூட்டத்தோடு ஒப்பிடுவது

ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் ஆறு எண்களின் இடைநிலையை எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இரண்டு எண்களின் சராசரியை. ஆறின் சராசரி வேண்டாம், ஒன்று கோளாறாக இருந்தால் சராசரியை அது தன் பக்கம் இழுத்துவிடும். பிறகு ஒவ்வொரு சென்சாரும் இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, இடைநிலை வெப்பத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள்.

இந்த வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் நேரே சூத்திரத்துக்குப் போகாதீர்கள். புள்ளிகள் கிடைமட்டக் கோடாக இருந்தால் அந்த சென்சாருக்கு ஆஃப்செட் மட்டும் போதும். சாய்ந்த கோடு என்றால் கெயினும் சேர்த்து வேண்டும். சூடேறும்போது ஒரு பாதை, ஆறும்போது வேறு பாதை என்று வளையம் தெரிந்தால் தாமதம். திரும்பவும் இரண்டாம் படிக்குப் போய் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள். திடீரென்று ஓரிடத்தில் குதித்தால் ஒயர் இணைப்பைப் பாருங்கள்.

சாய்வுக்கு மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோடு பொருத்தினால் போதும். எந்த ஸ்ப்ரெட்ஷீட்டும் செய்யும். சூத்திரத்தை மட்டும் இப்படி எழுதுங்கள்:

திருத்திய அளவு = காட்டிய அளவு + ஆஃப்செட் + கெயின் × (காட்டிய அளவு − 20)

20-ஐ ஏன் கழிக்கிறோம்? கழிக்காவிட்டால் ஆஃப்செட் என்பது 0 டிகிரியில் உள்ள பிழையைக் குறிக்கும். நம் புள்ளிகள் 30-க்கு மேல்தான் இருக்கின்றன. கெயின் துளி மாறினாலும் தூரத்தில் உள்ள ஆஃப்செட் கூடவே ஆடும். நடுப்புள்ளி நாம் வேலை செய்யும் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு எண்களும் ஒன்றையொன்று இவ்வளவு இழுக்காது. தொட்டி பெரும்பாலும் 50-இல்தான் இருக்கும் என்றால் 50 என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். நான் 20 வைத்ததற்குக் காரணம் அடுத்த படியில் தெரியும்.

எடுத்துக்காட்டாக, மூன்றாம் சென்சார் எல்லா வெப்பத்திலும் கூட்டத்தைவிட 0.12 அதிகம் காட்டுகிறது, சாய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் தனித் திருத்தம்: ஆஃப்செட் −0.12, கெயின் 0.

இப்போது ஆறும் ஒரே பேச்சு பேசும். ஆனால் ஆறும் சேர்ந்து பொய் சொல்லலாம். ஒன்பது சென்சாரின் சராசரி எடுத்தால் பிழை மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று படித்திருப்பீர்கள். பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் மட்டுமே அது உண்மை. ஒரே தொகுப்பில், ஒரே இயந்திரத்தில் சரிசெய்யப்பட்டு வந்த சிப்களுக்குப் பொதுவான பிழை ஒன்று இருக்கும். எத்தனை சென்சார் சேர்த்தாலும் அது குறையாது.

நான்காம் படி: உண்மையோடு இரண்டு இடத்தில் கட்டுவது

முதல் புள்ளி ஐஸ். செலவே இல்லாமல் 0 டிகிரியை நூறில் சில பங்கு துல்லியத்தில் தரக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதக்கவிட்டால் அது ஐஸ் புள்ளி ஆகாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. மேலே ஐஸ் மிதக்கும்போதே அடியில் 4 டிகிரித் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். ஐஸைப் பொடியாக நொறுக்கி ஃபிளாஸ்க்கை அடிவரை நிரப்ப வேண்டும். ஏற்கெனவே குளிரவைத்த தண்ணீரை இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் ஊற்றவும். பார்க்க ஈரமான ஐஸாக இருக்க வேண்டும், ஐஸ் போட்ட தண்ணீராக இருக்கக் கூடாது. உருகி அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்து, மேலே ஐஸ் சேருங்கள். கட்டிய சென்சார்களை நடுவில் செருகி இருபது நிமிடம் விட்டுப் படியுங்கள்.

ஐஸ் ஆர்.ஓ. தண்ணீரிலோ பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரிலோ செய்ததாக இருக்கட்டும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு உறைநிலையை ஏறக்குறைய 0.06 டிகிரி இறக்கிவிடும், அதாவது நம் சென்சாரின் ஒரு முழுப் படி. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அந்த அளவு சாதாரணம். மீன் கடை ஐஸ் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது புள்ளிக்குக் கொதிநீர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அது பிடிக்காது. கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது: அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கொதிநிலை சுமார் 0.28 டிகிரி இறங்கும். கடலோரச் சென்னையில் 100-ஐ ஒட்டி இருப்பது, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் 92.5-ஐச் சுற்றித்தான். அதுபோக 85-க்கு மேல் இந்த சென்சாருக்கு ±0.5 உறுதியே கிடையாது, பி.வி.சி. கேபிளும் அந்தச் சூட்டை விரும்பாது.

அதைவிட நல்ல கருவி வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35 முதல் 42 டிகிரிக்குள் ±0.1 துல்லியத்துக்குச் செய்யப்பட்டது. ஒரு வாளி நிறைய 40 டிகிரித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீர் சீக்கிரம் ஆறாது. ஆனால் இந்த வகை, கண்ட உச்ச வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் சூடான இடத்தைத் தொட்டுவிட்டால் பிறகு இறங்காது. ஆகவே நன்றாகக் கலக்கிய பிறகு, கட்டுக்குப் பக்கத்திலேயே முக்கி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆன் செய்து படியுங்கள். பத்து நொடியில் பீப் அடிக்கும் டிஜிட்டல் வகை, உடலில் வைத்தால் எப்படிச் சூடேறும் என்பதை வைத்து இறுதி எண்ணை முன்கூட்டியே ஊகிக்கிறது. தண்ணீரில் அந்த ஊகம் தப்பும். ஒரு நிமிடம் காத்திருக்கும் பழைய வகையே நம்பகமானது.

ஐந்தாம் படி: எண்ணை எவ்வளவு நம்புவது என்று முடிவெடுப்பது

நம் கூட்டத்தின் இடைநிலை ஐஸில் 0.19, உண்மையில் 40.00 இருக்கும் வாளியில் 40.44 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். காட்டிய இடைவெளி 40.25, உண்மை இடைவெளி 40. கெயின் = 40 ÷ 40.25 − 1 = −0.62 சதவீதம். நடுப்புள்ளியில், அதாவது 20-ஐ ஒட்டி, ஆஃப்செட் −0.31. இரண்டு புள்ளிக்கும் நடுவில் 20 இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சென்சாரைத் தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். தொழிற்சாலையில் சரிசெய்து வரும் சிப்புக்கு −0.62 என்பது சற்றுப் பெரிய கெயின் பிழை. இதில் எவ்வளவு சென்சாருடையது, எவ்வளவு என் அளவெடுப்பின் தடுமாற்றம்?

கணக்கு எளிது. 1 சதவீதம் என்பது வெளி எல்லை என்று பார்த்தோம். ஆகவே சாதாரணமாக எதிர்பார்க்கும் திட்டவிலக்கத்தை (மதிப்புகள் வழக்கமாகச் சிதறும் அளவை) 0.3 சதவீதம் என்று வைக்கலாம். நம் இரண்டு புள்ளிகளிலும் தலா 0.05 டிகிரி சந்தேகம் உண்டு. 40 டிகிரி இடைவெளியில் அது கெயினில் 0.18 சதவீதச் சந்தேகமாக மாறும் (0.05 × 1.41 ÷ 40). இரண்டின் வர்க்கங்களை வைத்து எடை போடுகிறோம்:

எடை = 0.3² ÷ (0.3² + 0.18²) = ஏறக்குறைய 0.74

ஆகவே −0.62-இல் 74 சதவீதத்தை மட்டும் ஏற்கிறோம்: −0.46. ஆஃப்செட் −0.31-இல் மாற்றமில்லை.

ஐஸை விட்டுவிட்டு 30, 40 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி எடுத்திருந்தால்? 10 டிகிரி இடைவெளியில் சந்தேகம் 0.7 சதவீதமாக ஏறி, எடை 0.15-க்கு இறங்கிவிடும். அதாவது, அந்தக் கெயினைத் தொடாதே, ஆஃப்செட்டை மட்டும் திருத்து என்று கணக்கே சொல்லிவிடும். பட்டறிவுள்ள டெக்னீஷியன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் இதைத்தான்.

மூன்றாம் சென்சாரின் மொத்தத் திருத்தம், கூட்டத்தின் திருத்தமும் தனித் திருத்தமும் சேர்ந்தது: ஆஃப்செட் −0.31 − 0.12 = −0.43, கெயின் −0.46 சதவீதம். தனித் திருத்தத்துக்கு எடைபோடும் வேலை தேவையில்லை. அதற்குப் பின்னால் ஆயிரம் புள்ளிகள் நிற்கின்றன.

40-க்கு மேலே, தொட்டியின் 60 டிகிரிக்கு இந்தக் கோட்டை நீட்டலாமா? எடைபோட்ட பிறகு கெயினில் மிஞ்சும் சந்தேகம் 0.15 சதவீதம், 20-லிருந்து 60 வரை 40 டிகிரிக்கு அது 0.06. தாராளமாக நீட்டலாம். தொட்டியில் நமக்கு வேண்டியதோ மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம். அதை 60 வரை நேரடியாகவே பார்த்துவிட்டோம்.

வளைவு? டேட்டாஷீட்டில் உள்ள பிழை வரைபடம் நேர்கோடு இல்லை, லேசாக வளையும். ஆனால் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக இருபடிச் சமன்பாடு போட்டால் அது இரைச்சலைத்தான் பொருத்தும். நல்ல தெர்மாமீட்டர் கிடைத்து நாலைந்து புள்ளிகள் எடுக்க முடிந்தால், வளைவை மட்டும் ஆறுக்கும் பொதுவாக ஒன்று வைத்து, ஆஃப்செட், கெயினைத் தனித்தனியாக விடுங்கள். ஒரே வடிவமைப்பில் வந்த சிப்களின் வளைவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தெர்மிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு

தெர்மிஸ்டர் என்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சார். 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் என்றால் திருத்தத்தை டிகிரியில் செய்யாதீர்கள். மின்தடையின் மடக்கையில் (லாகரிதம்) செய்யுங்கள். 1 சதவீதம் அதிக மின்தடையோடு பிறந்த தெர்மிஸ்டர், பீட்டா மதிப்பு (வெப்பத்தோடு மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950 என்றால், 25 டிகிரியில் 0.23 டிகிரி தவறும், 80 டிகிரியில் 0.32 தவறும். டிகிரியில் பார்த்தால் ஆஃப்செட், கெயின் இரண்டும் இருப்பது போலத் தோன்றும். மடக்கையில் பார்த்தால் எல்லா வெப்பத்திலும் ஒரே ஒரு மாறிலிதான், ஐஸ் புள்ளி ஒன்றே அதைப் பிடித்துவிடும். பிழை எங்கே பிறக்கிறதோ அங்கே திருத்தினால் சூத்திரம் தானாகச் சுருங்கும்.

ஆறாம் படி: சோதனை

கணக்கில் சேர்க்காத ஒரு புள்ளி கட்டாயம் வேண்டும். சரிபார்த்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்க முடிந்தால், 25 டிகிரியில் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் இடைநிலை 25.31 காட்டினால் திருத்தம் 25.31 − 0.31 − 0.0046 × 5.31 = 24.98 என்று வரும். அரைப்படிக்குள் வந்துவிட்டது, போதும்.

தொட்டியே ஒரு நல்ல சோதனைக்கூடம். இரவு முழுவதும் யாரும் குழாய் திறக்காமல் நின்ற தண்ணீரில் சூடானது மேலே, குளிர்ந்தது கீழே என்றுதான் அடுக்கு இருக்க முடியும். விடியற்காலைப் பதிவில் நாலாவது சென்சார் மூன்றாவதைவிட 0.2 அதிகம் காட்டினால் இயற்பியல் தப்பவில்லை. உங்கள் திருத்தமோ ஒட்டிய டேப்போ தப்பியிருக்கிறது. இரண்டின் இடத்தையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். பிழை சென்சாரோடு போனால் திருத்தத்தில் கோளாறு, அதே இடத்தில் நின்றால் பொருத்திய விதத்தில் கோளாறு.

தணிக்கைக்கோ மருந்துக் கிடங்குக்கோ காட்ட வேண்டிய அளவு என்றால் வீட்டு ஐஸ் செல்லாது, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் வேண்டும்.

ஏழாம் படி: திருத்தத்தை எங்கே வைப்பது

நிரலுக்குள் எழுதினால் சென்சாரை வேறு போர்டில் மாட்டும்போது திருத்தம் தொலைந்துபோகும். இந்த சிப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. எச்சரிக்கை வரம்புக்கென்று இரண்டு பைட் நினைவகம் உண்டு, மின்சாரம் போனாலும் அழியாது. எச்சரிக்கை வசதியைப் பயன்படுத்தாவிட்டால் அந்த இடம் நமக்குத்தான் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஒரு பைட்டில் −128 முதல் 127 வரை அடங்கும். ஆஃப்செட்டை நூறில் ஒரு டிகிரியாகவும், கெயினை நூறில் ஒரு சதவீதமாகவும் எழுதினால், மூன்றாம் சென்சாருக்கு −43, −46. ±1.27 வரை இடம் இருக்கிறது. அதைத் தாண்டும் சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான். எழுதிய பிறகு மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் படித்துப் பாருங்கள். சில போலி சிப்கள் இந்த இரண்டு பைட்டை நினைவில் வைப்பதே இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஐஸ் சோதனை மட்டும் செய்தால் போதும். ஆறும் சேர்ந்து ஒரே அளவு நகர்ந்திருந்தால் முதலில் ஐஸைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் 0.2-க்கு மேல் நகர்ந்திருந்தால் அதன் உறைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். புதிதாக ஆஃப்செட் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். புதிய சென்சாருக்கு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. திருத்திய பழைய ஐந்தோடு சேர்த்துக் கட்டி, ஒரு முறை வெந்நீரில் ஆறவிட்டால் போதும்.